ஆகாயத்தில் போட்டி, நஷ்டம் யார் தலையில்?

விழுப்புரத்திலும் விமான நிலையம் இல்லை; திண்டிவனத்திலும் இல்லை. ஆனால் தெற்கேயிருந்து மீனம்பாக்கம் போகும் நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இரவு பத்து மணிக்கு மேல் திண்டிவனம் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கூரை மேல் பெட்டிகளை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கார்களும் வேன்களும் வரிசையாக வந்து நிற்கும். வழியனுப்ப வந்த தாய்மார்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அண்மையில் அப்படி ஒரு கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதை நாம் கேட்டோம். ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இன்னொருவர் மணிலாக்கொட்டை மூட்டை தூக்கும் தொழிலாளி.

"சான்பிரான்சிஸ்கோவிலே மகள் இருக்கிறாள். எனக்கும் என் சம்சாரத்துக்கும் முழங்கால் வலி. வழியிலே ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து நேரே ஒரு விமானம் விட்டால் என்னவாம்?" என்றார் ஆசிரியர்.

"உங்களுக்கு நேர் விமானம் இல்லை என்பது கஷ்டம், வாத்தியாரய்யா. என் பையனுக்கு நேர் விமானம் இருக்கு. நாலு மணி நேரத்திலே துபாய். ஆனா பொங்கலுக்கு வந்து போகணும்னா டிக்கெட்டுக்கே ரெண்டு மாசச் சம்பளம் போயிடுது. மூணு வருஷமா அவன் பொங்கலுக்கு வரலை" என்றார் தொழிலாளி.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய வேளை இது. ஏனென்றால், ஒரு காலத்தில் கையைச் சுட்டுக்கொண்டு கைவிட்ட அதிதூர விமான மார்க்கங்களுக்கு மீண்டும் திரும்பலாமா என்று விமானக் கம்பெனிகள் கணக்குப் போடுகின்றன. ஒரு கண்டத்தில் ஏறினால் இடையில் எங்கும் இறங்காமல் பதினாறு, பதினெட்டு மணி நேரம் பறந்து இன்னொரு கண்டத்தில் இறங்கும் மார்க்கங்கள் இவை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி, சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேரே பறக்க 2022-ல் 12 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. டாட்டாக்களின் கைக்குப் போன ஏர் இந்தியா 2023-ல் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றில் கண்டம் தாண்டும் பெரிய விமானங்களும் உண்டு. உள்நாட்டில் கொடி நாட்டியிருந்த இன்டிகோ 2025 ஜூலையில் மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் மான்செஸ்டருக்கும் பறக்கத் தொடங்கியது.

பறக்கட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யாரை ஏற்றிக்கொண்டு பறப்பது? யார் பணத்தில் பறப்பது? யாருடைய தூக்கத்தைக் கெடுத்துப் பறப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தாக வேண்டும்.

வைக்கோல் வண்டிக் கணக்கு

செஞ்சிப் பக்கத்து விவசாயிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்துச் சந்தைக்கு வண்டி கட்டினால் வண்டி நிறைய மூட்டை ஏற்றலாம். பத்து நாள் பயணம் என்றால் மாட்டுக்கு வைக்கோலும் வண்டியிலேயே ஏற்ற வேண்டும். அந்த வைக்கோலின் பாரத்தை இழுக்க மாடு இன்னும் கொஞ்சம் தின்னும். தூரம் ஏற ஏற வைக்கோல் பெருகும், மூட்டை குறையும்.

விமானத்துக்கும் இதே கணக்குதான். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன் எரிபொருளிலும், அதைத் தூக்கிச் செல்வதற்காகவே மணிக்கு நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு எரிந்து போகிறது. ஆகவே பதினெட்டு மணி நேரம் பறக்கும் விமானம் முதல் பாதியில் பெரும்பாலும் தன் எரிபொருளையே சுமந்துகொண்டிருக்கிறது. அதற்கு இடம் தர ஆட்களைக் குறைக்க வேண்டும். ஆட்கள் குறைந்தால் ஒவ்வொரு ஆளிடமும் அதிகம் வாங்க வேண்டும். அதிகம் கொடுக்கக் கூடியவர் யார்? மூட்டை தூக்குபவரா? பள்ளி ஆசிரியரா?

நமது தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் உழைத்த சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க் அருகிலுள்ள நெவார்க்குக்கு நேர் விமானம் விட்டது. 15,000 கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். 2008-ல் சாதாரண மனிதர் உட்காரும் இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு, 100 உயர் வகுப்பு இருக்கைகளை மட்டும் வைத்தது. அப்படியும் கட்டுப்படியாகவில்லை, எரிபொருள் விலை விழுங்கிவிட்டது. 2013 நவம்பரில் அந்தச் சர்வீஸ் நின்றது. ஐந்து வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் புதிய ஏர்பஸ் விமானத்துடன் கம்பெனி மறுபடியும் அதே மார்க்கத்துக்குத் திரும்பியது. 300 பேரை ஏற்றக்கூடிய அந்த ரக விமானத்தில் வைத்த இருக்கைகள் 161. அவற்றில் 67 உயர் வகுப்பு. 94 அதற்கு அடுத்த விசேஷ வகுப்பு. சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லை!

தாய்லாந்தின் தாய் ஏர்வேஸ் 2005-ல் பாங்காக்கிலிருந்து நியூயார்க்குக்கு நேரே பறந்து பார்த்தது. 2008-ல் மூட்டை கட்டியது.

இதைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும். விஞ்ஞானம் முன்னேறியதால் விமானம் அதிதூர மார்க்கத்துக்குத் திரும்ப முடிந்தது. ஆனால் ஏழை எளியவருக்கு அந்த விமானத்தில் இடம் இல்லை.

நமது நாட்டின் அனுபவம்

பொதுத்துறைக்குத் தூரம் பறக்கத் தெரியாது, தனியார் முதலாளி வந்தால்தான் முடியும் என்று சிலர் பேசுகிறார்கள். சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது.

1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து புறப்பட்டது. அந்த மார்க்கம் பம்பாய், பெல்லாரி வழியாக வந்து முடிந்த இடம் நமது சென்னை. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சர்வீஸ் தொடங்கியது. 1953 ஆகஸ்டு முதல் தேதி விமானப் போக்குவரத்து தேச உடைமையாயிற்று. அதன் பிறகுதான் 1960-ல் நியூயார்க் மார்க்கம் திறந்தது; 1962-ல் உலகிலேயே ஜெட் விமானங்களை மட்டும் வைத்திருந்த முதல் விமானக் கம்பெனி என்ற பெருமையை ஏர் இந்தியா பெற்றது. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவப் பகுதி வழியாகப் பெங்களூருக்கு, பெண் விமானிகளே ஓட்டிக்கொண்டு வந்த விமானமும் பொதுத்துறை விமானந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1990-ஐ நினைத்துப் பாருங்கள். குவைத்தில் யுத்தம் மூண்டது. கையில் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் நாட்டு அம்மான் நகரில் நமது தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். இரண்டு மாத காலத்தில் 488 முறை விமானங்கள் பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த மார்க்கத்தில் லாபம் வருமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

தவறே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. தவறு எங்கே நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் 28 விமானங்கள் வாங்குவதாக இருந்த திட்டம், 2004-க்குப் பிறகு திடீரென்று 68 விமானங்களாக உயர்ந்தது. கையில் மூலதனம் இல்லை, எல்லாம் கடன். அந்தக் கடனில் வந்த எட்டு அதிதூர விமானங்களில் ஐந்தை, சில வருஷங்களிலேயே அபுதாபியின் எதிஹாட் கம்பெனிக்கு விற்க நேர்ந்தது. மற்றொரு பக்கம், நமது ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் உரிமை வளைகுடாக் கம்பெனிகளுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது. இரண்டையும் 2011-ல் மத்திய தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே கண்டித்தது. பயணியைப் பிறருக்குத் தாரை வார்த்துவிட்டு, வெறும் விமானத்தைக் கடனுக்கு வாங்கி நிறுத்தியது யார்? ஓட்டிய விமானியா? ரிப்பேர் செய்த மெக்கானிக்கா? டில்லியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் அல்லவா?

லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு

2021-ல் ஏர் இந்தியாவின் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். அதில் டாட்டா ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. சர்க்காருக்கு ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மிச்சக் கடன் 46,262 கோடியும் ஒரு சர்க்கார் கம்பெனியின் தலையில் கட்டப்பட்டது. அதாவது தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரை வரி கொடுக்கும் ஜனங்களின் தலையில். 2022 ஜனவரி 27-ந் தேதி விமானங்கள் கை மாறின.

அடுத்ததைக் கேளுங்கள். 2025 ஏப்ரல் 24-ந் தேதி பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டில்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பவும் நேர்ந்தது. தடை ஒரு வருஷம் நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும், சர்க்கார் மானியம் தந்து ஈடுகட்ட வேண்டும் என்று ஏர் இந்தியா கேட்டதாகச் செய்தி ஏஜென்சிகள் அறிவித்தன. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி டில்லி–வாஷிங்டன் சர்வீசும் நிறுத்தப்பட்டது.

பொதுத்துறையாக இருந்தபோது மானியம் என்றால் "ஊதாரித்தனம்". தனியார் கைக்குப் போனதும் அதே மானியம் "தேச நலன்"! இது என்ன நியாயம்?

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா கம்பெனி ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. அந்தச் சிங்கப்பூர் ஏர்லைன்சில் பெரும்பான்மைப் பங்கு சிங்கப்பூர் சர்க்காரின் முதலீட்டு ஸ்தாபனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. துபாயின் எமிரேட்ஸ் துபாய் சர்க்காருக்குச் சொந்தம். தோஹாவின் கத்தார் ஏர்வேஸ் கத்தார் சர்க்காருக்குச் சொந்தம். ஆக, விமானத் தொழிலில் சர்க்காருக்கு வேலை இல்லை என்ற உபதேசம் நமக்கு மட்டுந்தான் போலும்!

விமானி இரும்பால் செய்தவர் அல்ல

பதினெட்டு மணி நேரப் பயணத்தில் நான்கு விமானிகள் முறை வைத்து ஓட்டுகிறார்கள். முறை மாறி ஒரு சிறு படுக்கையில் தூங்குகிறார்கள். உணவு பரிமாறும் தொழிலாளர்கள் இரண்டு பகலும் ஓர் இரவும் கலந்து குழம்பிய பொழுதில் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். கம்பெனிகள் போட்டி போடும்போது முதலில் வெட்டு விழும் இடம் எது? எரிபொருள் விலையைக் கம்பெனி குறைக்க முடியாது. விமானத்தின் வாடகையைக் குறைக்க முடியாது. மிஞ்சியிருப்பது தொழிலாளியின் ஓய்வு நேரந்தான்.

இது வெறும் ஊகம் அல்ல. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. ஒருவர் இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. இந்த விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தன. முன்கூட்டியே ஆள் சேர்க்காத இன்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5-ந் தேதி ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில் இருந்தார்கள். ஜனங்கள் விமான நிலையங்களில் தரையில் படுத்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு அளித்தது. நாலு மணி நேர மார்க்கத்திலேயே ஓய்வு விதி வளைகிறது என்றால், பதினெட்டு மணி நேர மார்க்கத்தில் என்ன ஆகும்? தூக்கம் இழந்த விமானியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நமது ஆசிரியரும் அவர் மனைவியும் அல்லவா?

மறுபக்கத்தின் நியாயம்

எதிர்த் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நமது வழக்கம் அல்ல. "இடையில் மாறும் ஊரை நம்பியிருப்பது ஆபத்து. 2025 ஜூன் 23-ந் தேதி ஈரான் யுத்தத்தின்போது கத்தார் தன் வான்வெளியை மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் நடுவழியில் திரும்பின. நேர் விமானம் இருந்தால் இந்தத் தொல்லை உண்டா? நமது பயணி கொடுக்கும் பணம் அன்னிய நாட்டுக் கம்பெனிகளுக்குப் போவதும் தவிருமே!" என்கிறார்கள்.

நியாயமான வாதம். முழங்கால் வலியோடு இரண்டு விமானம் மாறும் முதியவருக்கு நேர் விமானம் ஆடம்பரம் அல்ல. ஆனால் இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டு போனால் அது எங்கே நிற்கிறது? யுத்தம் வந்தாலும் விமானம் வேண்டும், பணம் நாட்டிலேயே தங்க வேண்டும், முதியவருக்கும் எட்டும் கட்டணம் வேண்டும் என்றால், இவை எல்லாம் பொதுச் சேவையின் லட்சணங்கள். போட்டிச் சந்தை இவற்றைத் தராது. சந்தை தருவது 161 உயர்தர நாற்காலிகளை. பாகிஸ்தான் வான்வெளி மூடியபோது நேர் விமானமும் நேரே போக முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. யுத்தம் இல்லாத வானம் வேண்டும் என்பதுதான் எல்லாப் பயணிகளுக்கும் பொதுவான கோரிக்கை.

நமது முடிவு

அதிதூர மார்க்கங்களுக்குத் திரும்பலாமா? பொதுச் சேவையாகத் திரும்பலாம். கௌரவப் போட்டியாக, பொதுப் பணத்தைப் பணயம் வைத்துத் திரும்பக் கூடாது. எனவே நாம் கோருவது:

1. எந்தத் தனியார் கம்பெனிக்காவது மானியமோ ஈட்டுத் தொகையோ கொடுப்பதென்றால், அந்தத் தொகைக்கு ஈடான பங்கு பொதுஜனத்தின் பெயரில் எழுதப்பட வேண்டும். மார்க்கத்தின் வரவு செலவு பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும்.

2. நமது நாட்டிலிருந்து புறப்படும் அதிதூர விமானம் எதிலும் சாதாரண வகுப்பு இருக்கைகள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கட்டண வரம்பு வேண்டும்.

3. விமானிகள், பணியாளர்கள், மெக்கானிக்குகள் ஆகியோரின் ஓய்வு விதிகளுக்கு எந்தக் கம்பெனிக்கும் எக்காரணத்தைக் கொண்டும் விலக்கு அளிக்கக் கூடாது.

4. முதல் கவனம் வளைகுடா மார்க்கத்துக்கு வேண்டும். அங்கே சுமார் 90 லட்சம் இந்தியர்கள் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் அன்னியச் செலாவணிக்கு முட்டுக் கொடுக்கிறது. பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் நாட்களில் அவர்களுடைய டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வானத்தில் பதினாறாயிரம் கிலோமீட்டர் பாலம் கட்ட மானியம் கேட்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய எழுபது கிலோமீட்டர் ரயில் பாதை 2006-07-ல் அனுமதிக்கப்பட்டது. இருபது வருஷம் ஆகப் போகிறது, செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் பாதை இன்னும் ஒற்றை வழியாகவே கிடக்கிறது. மீனம்பாக்கத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. செஞ்சியில் ரயில் ஏறி அங்கே போய் இறங்க வழி இருந்தால், நள்ளிரவில் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்துக் கார் பிடிக்க வேண்டியதில்லை. சர்க்கார் கஜானாவில் பணம் இருக்கிறது என்றால் அது முதலில் தரையில் இறங்கட்டும்.

தேநீர்க் கடையில் பேச்சு முடிந்து எழுந்தபோது ஆசிரியர் தொழிலாளியைக் கேட்டார்: "உன் பையன் எப்போ வர்றான், தம்பி?"

"டிக்கெட் விலை இறங்கட்டும், வாத்தியாரய்யா. வருவான்."

அந்த விலை தானாக இறங்காது. அதை இறக்கியாக வேண்டும்.